ருசி வந்த தண்ணீர்

கிசிங்கனி தீவு
பிப்ரவரி 9

அன்புள்ள ஷுவேகா அக்காவுக்கு, ருகியா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் புருஷன் அத்மானும் நலம். நைரோபிக் குளிர் முட்டியைப் பிடித்து ஆட்டுகிறது என்று போன தடவை எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. அங்கே உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

இது போனில் சொல்லக்கூடிய சேதி இல்லை. இடி விழுந்து டவர் கருகியதிலிருந்து தீவில் சிக்னல் கிடையாது. போன் என்றால் படகோட்டும் நகுதா லாலியின் போன்தான். அக்கரைத் துறையில் அதில் வந்து விழும் சேதியையெல்லாம் இக்கரைத் துறைக்கு வந்து எல்லார் காதிலும் விழப் போட்டுக் காட்டுவார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, "சேதின்னா ஊருக்குத்தானே" என்பார். அதனால்தான் காகிதம்.

அக்கா, மூன்று மாதம் முடிந்துவிட்டது. அத்மானுக்கும் நர்ஸ் கட்ஸோவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. போன இரண்டு தடவையும் ஊருக்குச் சொன்ன பிறகுதான் போயிற்று, இந்தத் தடவை வயிறு தானே காட்டிக்கொடுக்கும்வரை வாய் திறக்கப் போவதில்லை. கட்ஸோ ஒளிக்காமல் சொன்னாள்: "ரெண்டும் பிரஷர்லதான் போச்சு. உன் உடம்புக்கு உப்பு ஆகாது. இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சா பிரஷர் ஏறும். இந்தத் தடவை ஏறிச்சுன்னா பிள்ளை மட்டும் போகாது, நீயும் போவ." பயமாக இருக்கிறது.

ஆனால் இப்போது உன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பெட்டி இருக்கிறது. கிளினிக் மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்துகொண்டு, கடல் தண்ணீரை உள்ளே வாங்கி நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுகிறது. காவல்காரி நான்தான். நான் அதைத்தான் குடிக்கிறேன். ஊர்தான் குடிக்க மாட்டேன் என்கிறது. கமிஸா மாமி ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "என்னடி இது, செத்த தண்ணி? உப்புமில்ல, மணமுமில்ல. மய்யித்தக் குளிப்பாட்டக்கூட ஆகாது" என்றாள். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டு வெறும் கேனோடு திரும்பிப் போனார்கள். நாளுக்கு நாலு கேன் போனால் பெரிது.

எனக்காக துஆ செய்.

தங்கை ருகியா


நைரோபி
பிப்ரவரி 17

என் ருகிக்கு,

சலாம். உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருப்பதைப் பார்த்து மருந்து நெடி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும். முட்டி பரவாயில்லை. என்னை விடு, உன்னைப் பார்.

நான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். பெட்டிக்குள் வெள்ளைத் துணி போல ஒரு சவ்வு இருக்கிறதே, அதுதான் உயிர். ஒரு பசையை ஊசிமுனையில் விட்டு, மின்சாரத்தால் இழுத்து, கண்ணுக்கே தெரியாத இழையாக நூற்று, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய விட்டுத்தான் அதைச் செய்கிறோம். தலைமுடி ஒன்றைப் பிளந்தால் அதில் இருநூறு இழை கிடைக்கும், அவ்வளவு மெலிசு. அந்த இழைக்குத் தண்ணீர் ஒட்டாது. ஒரு பக்கம் சூடான கடல் தண்ணீர் நிற்கும். ஆவி மட்டும் இழைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் போய்க் குளிர்ந்து சொட்டும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். சோப்போ எண்ணெயோ பட்டால் அந்த இழை தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு கடல் நேராக உள்ளே வரும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு சவ்வைத் தொடாதே.

வாரம் ஒருமுறை உப்பைக் காட்டும் மீட்டரைத் தொட்டியில் முக்கி, அது காட்டும் எண்ணை எழுதி அனுப்பு. முப்பது, நாற்பது காட்டினால் நல்லது. ஐந்நூறைத் தாண்டினால் நிறுத்திவிடு. உன் கிணறு ஐயாயிரம்.

இன்னொன்று. ஜூலையில் எங்கள் பேராசிரியர் அம்மா அங்கே வருவார். ஊர் குடிக்கவில்லை என்றால் பெட்டியை வேறு தீவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உனக்கு எந்த மாதம் என்று நீ எழுதவில்லை, நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆகஸ்ட். அதுவரை அது அங்கே இருந்தாக வேண்டும். எப்படியாவது ஊரைக் குடிக்க வை.

உன் பெட்டியில் இருப்பது நான் என் கையால் நூற்றது. ஏன் நம் தீவுக்கு முதலில் கிடைத்தது என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

உன் அக்கா


கிசிங்கனி
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நாங்கள் சுகம். நீ சுகமா? அத்மான் நண்டுக்கூடு போட வடக்கே போயிருக்கிறான், பத்து நாளில் வருவான்.

உனக்கு ஒரு நல்ல சேதி. உட்கார்ந்து படி. நாளுக்கு நாற்பது கேன் போகிறது! விடிந்தால் கிளினிக் வாசலில் வரிசை. கமிஸா மாமி கழுதையின்மேல் நான்கு கேன் ஏற்றிக்கொண்டு வருகிறாள். "இப்பதான்டி தண்ணி தண்ணியா இருக்கு. ருசி வந்திருச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஊர் முழுக்க இதே பேச்சு, தண்ணீருக்கு ருசி வந்துவிட்டது என்று. பக்கத்து வீட்டு ஸெனா, உனக்குத் தெரியுமே, அந்தச் சிரிப்பாணிக்காரி, அவளும் உண்டாகியிருக்கிறாள். கிணற்றை விட்டுவிட்டு இதையேதான் குடிக்கிறாள். எப்படிச் சாதித்தேன் என்று நேரில் சொல்கிறேன். உன் பேராசிரியர் அம்மா இனி எங்கே பெட்டியைத் தூக்குவது?

மீட்டர் எண்: முதல் வாரம் 32, அப்புறம் 35, 34, 36.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கல்யாண மோதிரம் மட்டும் விரலைவிட்டு வர மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழற்றலாம், உன் சவ்வுக்குப் பயந்து சோப்பையே தொடுவதில்லை. காற்று தெற்கே திரும்பப் போகிறது. லாலி இனி வாரம் ஒருமுறை வந்தால் பெரிது, கடிதம் தாமதமானால் பதறாதே.

ருகியா


நைரோபி
மார்ச் 29

ருகி,

சலாம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ருசி வந்துவிட்டது என்ற வரியைப் படித்த உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தண்ணீருக்கு ருசி வரக் கூடாது. ஆவியாகிக் குளிர்ந்த தண்ணீரில் ருசிக்க ஒன்றுமே கிடையாது. கமிஸா மாமி முதலில் துப்பினாளே, அதுதான் சரியான தண்ணீர். ருசி வந்தால் அது உப்பு. காலம் பூராவும் உப்புக் கிணற்றைக் குடித்த நாக்குகள் அவை, உப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

ஆனால் நீ எழுதிய எண் 36. அந்த எண் சரி என்றால் ருசி பொய், ருசி மெய் என்றால் எண் பொய். எது பொய் ருகி?

புதுச் சவ்வு ஒன்றும் மீட்டருக்குப் புது பேட்டரியும் அனுப்புகிறேன். பழைய சவ்வை எடுத்துவிட்டு இதைப் போடு. அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்காதே. இளநீர் குடி. பழைய சவ்வை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்காதே, மாற்றிவிடு. மோதிரம் கழலவில்லை என்றால் கை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். கட்ஸோவிடம் போய் பிரஷர் பார்த்து எனக்கு எழுது.

அக்கா


கிசிங்கனி
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். நீ மார்ச்சில் அனுப்பியது ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதிதான் என் கைக்கு வந்தது. தென்காற்று லாலியை அக்கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டது. பார்சல் நனையவில்லை. நீ நலம்தானே?

திட்டாதே என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். மீட்டரின் பேட்டரி இரண்டாம் வாரமே செத்துவிட்டது. எண் இல்லை என்று எழுதினால் காவல்காரி சரியில்லை என்று பெட்டியை எடுத்துவிடுவார்களோ என்று நானாக எழுதினேன். நீ சொன்ன முப்பது, நாற்பதுக்கு நடுவில்தானே எழுதினேன். புது பேட்டரி போட்டு முக்கினேன். 1,900 காட்டியது. மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி முக்கினேன், அப்போதும் அதே.

புதுச் சவ்வைப் போட்டுவிட்டேன். கையை மூன்று தரம் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு போட்டேன். மறுநாள் 30. மாடியிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்தேன் அக்கா. இனிப் பயமில்லை. இளநீரை விட்டுவிட்டு நானும் தண்ணீருக்கே திரும்பிவிட்டேன். சவ்வில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது, உன்மேல் தப்பில்லை.

இரண்டாம் நாளே கமிஸா மாமி வந்துவிட்டாள். "மறுபடி செத்துப்போச்சேடி" என்று சத்தம். வரிசை பாதியாகக் கரைந்தது. அதையும் சரிசெய்துவிட்டேன், இப்போது பழையபடி எல்லாரும் வருகிறார்கள்.

கட்ஸோ லீவில் ஊருக்குப் போயிருக்கிறாள். தலை லேசாக வலிக்கிறது, வெயிலாக இருக்கும். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. கங்காத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.

ருகியா


நைரோபி
மே 17

ருகி, சலாம்.

"அதையும் சரிசெய்துவிட்டேன்." எதைச் சரிசெய்தாய்? என்ன செய்தாய்? அந்த ஒரு வரியை இருபது தடவை படித்துவிட்டேன்.

நீ சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் சொல்ல வேண்டும். நீ முதலில் போட்டிருந்த சவ்வை நான் ஒரு மழை நாளில் நூற்றேன். காற்றில் ஈரம் இருந்தால் இழை சரியாக வராது, நடுநடுவே மணி மணியாகத் திரண்டுகொள்ளும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்த பேராசிரியர் அம்மா "இதைத் தூக்கிப் போடு ஷுவேகா" என்றார். தூக்கிப் போட்டிருந்தால் நம் தீவின் முறை தள்ளிப்போய் வேறு ஊருக்குப் போயிருக்கும். உனக்கு ஏற்கனவே இரண்டு போயிருந்தது. நான் போடவில்லை. புதுச் சீட்டு ஒட்டி உன் பெட்டியில் அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் நீ ருசி என்றதும் என் சவ்வுதான் என்று நினைத்து, வேறு ஒன்றும் கேட்காமல் மாற்றச் சொன்னேன். என் தப்பு வெளியே தெரியாமல் மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இரண்டாவது சவ்வு பழுதில்லாதது, நானே மூன்று தடவை சோதித்தேன். முப்பது காட்டிய தண்ணீருக்கு மறுபடி ருசி வந்திருந்தால் அது சவ்வு இல்லை. நீ செய்கிற ஏதோ ஒன்று.

எதுவாக இருந்தாலும் நிறுத்து. குடிக்காதே. இன்றைய எண் என்ன என்று எழுது. நான் கோபிக்க மாட்டேன்.

அக்கா


நைரோபி
மே 29

ருகி,

பதில் இல்லை. அக்கரைத் துறைக்காரரிடம் போனில் கேட்டேன். ஒன்பது நாளாகப் படகே விடவில்லை என்கிறார். என் கடிதம் அங்கே ஏதோ ஒரு பையில் கிடக்கிறது.

நேற்று லாலியின் போனுக்குச் சேதி போட்டுவிட்டேன். ஊர் கேட்டால் கேட்கட்டும். மன்னித்துக்கொள்.

அக்கா


கிசிங்கனி
ஜூன் 6

அக்காவுக்கு,

சலாம். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நன்றாக இல்லை.

லாலி நேற்று முன்தினம் வந்தார். துறையில் மீன் பங்கு பிரிக்கிற நேரம், மொத்த ஊரும் நின்றது. உன் குரலைப் போட்டார். "லாலி அண்ணே, ருகியாகிட்ட சொல்லுங்க, அந்தப் பெட்டித் தண்ணிய ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேணாம், அவ வயித்துல பிள்ளை இருக்கு, அது விஷமாயிரும்." விஷம் என்றா சொல்வாய்? லாலி இரண்டு தரம் போட்டார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று. கமிஸா மாமி கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள். ஒளித்து வைத்திருந்த வயிற்றை ஊர் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது. கங்காவால் எத்தனை சுற்றுச் சுற்றி என்ன?

அன்று மாலையே எல்லாரும் கிணற்றுக்குத் திரும்பிவிட்டார்கள். ஸெனாவும்தான். "விஷத்துக்கு உப்பு தேவலடி" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஐயாயிரம் அக்கா அந்தக் கிணறு! என் வீட்டிலும் மாமியார் கிணற்றுத் தண்ணீரைத்தான் வைக்கிறாள். தென்னைக்கு ஏற அத்மானும் இல்லை, மறுபடி வடக்கே போயிருக்கிறான். வீட்டிலிருந்த இளநீரும் நேற்றே முடிந்துவிட்டது.

நேற்றுத்தான் உன் மே மாதக் கடிதம் கையில் கிடைத்தது. அந்த மழை நாளைப் பற்றிப் படித்தேன். உன்மேல் கோபப்பட உட்கார்ந்தேன், முடியவில்லை. நானும் சொல்கிறேன்.

புகை போட்டேன்.

சாம்பிராணிப் புகை. நம் வீட்டில் தண்ணீர் ஜாடியைக் கவிழ்த்து, கீழே தணலில் சாம்பிராணி போட்டு, உள்ளே புகை பிடிக்க வைத்துப் பிறகு தண்ணீர் ஊற்றுவோமே, அந்த மணத்துக்குத்தானே விருந்தாளிகள் இரண்டாவது குவளை கேட்பார்கள். பெட்டியின் தொட்டிக்கும் அப்படிச் செய்தேன். தொட்டியைக் கவிழ்க்க முடியாது, அதனால் தணல்சட்டியை உள்ளே வைத்து மூடியைச் சாத்திவிட்டேன். புகை வீணாகக் கூடாது என்று ஓரத்தை ஈரத்துணியால் அடைத்தேன். வாரம் இரண்டு தரம். புகைக்குப் போக வேறு வழி எது? குழாய் வழியாகத்தான் மேலே போயிருக்கும், சவ்வுக்கு. சோப்பு, எண்ணெய் என்றுதானே எழுதியிருந்தாய். புகை என்று நீ எழுதவில்லை.

இன்று மீட்டர் 2,600.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கடலைப் பார்த்தால் கண்ணில் சின்னச் சின்ன வெளிச்சம் நீந்துகிறது, மீன்குஞ்சு மாதிரி. கண்ணை மூடினாலும் போகவில்லை. கட்ஸோ அடுத்த வாரம்தான் வருகிறாள். இது வெயிலால்தானே?

ருகியா


ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடை
ஜூன் 14

என் ருகி,

உன் கடிதமும் அத்மானின் போனும் ஒரே நாளில் வந்தன. கடிதத்தைப் பிரித்துக் கண்ணில் வெளிச்சம் என்ற இடத்தைப் படிக்கும்போதே போன் அடித்தது.

அத்மான் அழுதுகொண்டே சொன்னான். அவன் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை நீ மாடிப்படியில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாயாம். லாலி அந்தக் காற்றிலும் படகை எடுத்தாராம். நான்கு மணி நேரம் உன் தலையைக் கமிஸா மாமி மடியில் வைத்திருந்தாளாம். அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ இருநூறு. உயிரோடு இருக்கிறாள். நீயும் இருக்கிறாய். கண் மட்டும் இன்னும் மங்கல் என்றான். அதுவும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஆறு பெருகிப் பாலத்துக்கு மேலே ஓடுகிறது. பஸ் மூன்றாம் நாளாக இங்கேயே நிற்கிறது. ஒரு டிராக்டர்காரர் பால் கேன்களோடு கடக்கப் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: அது வெயில் இல்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

புகை என்று நான் எழுதவில்லைதான். நானும் அந்தத் தீவில் பிறந்தவள்தானே ருகி, புகை மணக்கிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தானே. அதை நினைக்க வேண்டியவள் நான். ஆய்வுக்கூடத்தில் வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

தூங்கு. நான் வந்துகொண்டே இருக்கிறேன்.

அக்கா


கிசிங்கனி
ஜூன் 21

என் ருகிக்கு,

சலாம். இன்று உனக்குக் கண் எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட உன்னோடு இருக்க விடாமல் என்னை விரட்டிவிட்டாயே. "என்னப் பாத்தது போதும், பெட்டியப் போய்ப் பாரு. ஸெனா கிணத்துத் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கா" என்று நீ என் கையைப் பிடித்துத் தள்ளிய இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

பாப்பாவைப் படுக்க வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின்மேல் என் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்துத் திரும்ப ஒருமுறை படித்தேன். ஏழாம் நாளில் அவளுக்கு என் பெயரை வைத்தீர்கள் என்று அத்மான் பிறகுதான் சொன்னான். என் சுண்டுவிரலை அவள் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் நான் சொல்வேன், நர்ஸ் என்ன சொன்னாலும் சரி.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சவ்வை மாற்றிவிட்டேன். பழையதை வெளியே எடுத்தால் வெள்ளையாகவே இல்லை, டீ வடிகட்டிய துணி போலப் பழுப்பு. முகர்ந்தேன். நம் வீட்டு மணம். தொட்டியையும் குழாயையும் வெந்நீரால் கழுவினேன். பிறகு எல்லாரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். இத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியதே இல்லை. கெட்ட சவ்வை அனுப்பியது நான் என்றேன். புகையைப் பற்றியும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லாமல் விடத்தான் நினைத்தேன், நீ சொல்லச் சொன்னதால் சொன்னேன். "விஷம்" என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அப்போது கமிஸா மாமி எழுந்தாள்.

"புகைய ஜாடிக்குப் போடுவாங்க, பெட்டிக்கா போடுவாங்க? தண்ணிய வீட்டுக்குக் கொண்டுபோயி அவங்கவங்க ஜாடில போட்டுக்கிட்டா ஆச்சு. இதுக்கு எதுக்குடி படிப்பு? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

ருகி, எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கமிஸா மாமி என் தலையில் கை வைத்தாள். அவளும் அழுதாள். படகில் உன் தலை அவள் மடியில் எவ்வளவு கனத்தது என்று சொன்னாள்.

இப்போது எண் 28. நானாகப் பார்ப்பதில்லை, தினம் இரண்டு பெண்களைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் எல்லாருக்கும் போதாது என்பதால் கிளினிக் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் வீட்டுக்கு இரண்டு கேன், மற்றவர்களுக்கு ஒன்று. முதல் பெயர் உன்னுடையது. ருகியா, இரண்டு. இன்னும் பலர் வரத் தயங்குகிறார்கள். ஸெனா வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். கையில் கேன் இருக்கிறது, நீட்டத்தான் பயம்.

பேராசிரியர் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், அந்த மழை நாளையும் சேர்த்து. வேலை போகலாம். போகட்டும்.

பாப்பா பால் குடிக்கிறாளா? லாலி வியாழக்கிழமை அக்கரைக்கு வருகிறார். ஒரு வரியாவது எழுது.

அக்கா


அக்கரை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு சலாம். கண் தெளிந்துவிட்டது, இதை நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் சிரிக்காதே. தையல் பிரித்துவிட்டார்கள். பிரஷர் இறங்கிவிட்டது. உப்பில்லாத கஞ்சி தருகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி தலையணைக்கடியில் மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாள், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் விரலை விட்டு நக்குகிறாள். எனக்கும் நீட்டினாள். நான் அலறியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டரிடம் கேட்டேன். தண்ணீரால்தானா என்று. நல்ல மனுஷி, என் பக்கத்தில் உட்கார்ந்தே சொன்னார்: "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். நல்ல தண்ணி குடிச்சவங்களுக்கும் இது வருது. உனக்கு முன்னாடியே ரெண்டு தடவை வந்திருக்கு. இதாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." உன் மழை நாளா, என் புகையா, உன் சேதிக்குப் பிறகு குடித்த கிணறா, இல்லை எதுவுமே இல்லையா, அவருக்கே தெரியாது. நமக்கு யார் சொல்லப் போகிறார்கள் அக்கா? நான் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீயும் என்னைச் சொல்லாதே. தனியாக இருக்கும்போது அவரவரைச் சொல்லிக்கொள்வதை நிறுத்த முடியாது, அது வேறு.

செவ்வாய்க்கிழமையிலிருந்தே பாப்பா மூச்சுவிட மறந்து மறந்து போனாள். நர்ஸ் உள்ளங்காலில் சுண்டினால் நினைவு வந்தது போல விடுவாள். புதன்கிழமை காலை சுண்டியும் விடவில்லை. அத்மான் கையில் வாங்கிக்கொண்டான். பதினாறு நாள். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். இங்கே எல்லாரும் அவளை உன் பெயரால் கூப்பிட்டார்கள் அக்கா. உன்னை அப்படிக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பட்டியலில் என் பெயருக்கு எதிரே இரண்டு என்று போட்டிருக்கிறாயே, அதை அடித்து ஒன்று என்று எழுது. புதுத் தாளில் மாற்றி எழுதாதே, எல்லாரும் பார்க்கிறபடி அடி. அந்த இன்னொரு கேனை ஸெனா வீட்டுக்கு நீயே தூக்கிக்கொண்டு போ. வாங்கப் பயப்படுவாள். அவள் கண்முன்னால் முதலில் நீ ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடு.

ருகியா